சாயம் ஏறிய போத்தல்

1. வாய் திறக்காதவள்

ஆஸ்பத்திரிக்குப் பேசாத ஆள் ஒருத்தி வேண்டும் என்று டிஸ்பென்சர் ஐயா கேட்டிருந்தார். கங்காணி எங்கள் மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனார். அதில் நானும் ஒருத்தி. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்திருந்தேன்.

அகரப்பத்தனையைத் தாண்டி டயகம போகிற றோட்டில், மூன்று தோட்டத்துக்கும் பொதுவாக இருந்த ஆஸ்பத்திரி அது. இரண்டு வார்டு, ஒரு மருந்து அறை, பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை. பெரிய டாக்டர் கிழமைக்கு இரண்டு தரம் காரில் வந்து போவார். மற்ற நேரமெல்லாம் மருந்து கலந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயாதான். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த ஆள். வெள்ளைச் சட்டையின் கைமடிப்பில் ஒருநாளும் அழுக்கு இருக்காது.

முதலில் நின்றவளிடம் பேர் கேட்டார். அவள் பேரோடு மாமியாரின் கொடுமையையும் சேர்த்துச் சொன்னாள். அடுத்தவள் பேரைச் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரியில் வெயில் நேரம் தேத்தண்ணி கிடைக்குமா என்று கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உம்மடை பேர் என்ன பிள்ளை?"

எனக்கு நாக்கு எழும்பவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மருதாயிங்க ஐயா" என்றார் கங்காணி. "கொஞ்சம் கூச்சப்படுற புள்ள. காலையில பெரட்டுக்களத்துல வேலைக்குப் பேரு கூப்புட்டாக்கூட வாயத் தொறக்காது, கையத்தான் தூக்கும்."

"அப்ப இவதான் வேணும்" என்றார் ஐயா. "போத்தல் நிரப்பேக்க கதைச்சால் எச்சில் தெறிக்கும். கதைக்காத ஆள்தான் எனக்குத் தேவை."

பேசாததற்காக எனக்குக் கிடைத்த வேலை அது. பதினேழு வருஷம் செய்தேன்.

2. துணிக்குப் பதினைந்து, குளுக்கோசுக்குப் பத்து

இப்போது நரம்பில் ஏற்றுகிற தண்ணி பிளாஸ்டிக் பையில் அடைத்து வருகிறது. அந்தக் காலத்தில் கொழும்பிலிருந்து வருகிற போத்தல் எங்களுக்குப் போதாது. மழைக்காலத்தில் றோட் அடைபட்டால் அதுவும் வராது. அதனால் ஐயா குளுக்கோஸ் சேலைனை ஆஸ்பத்திரியிலேயே செய்தார். நாலு பேரிடம் கேட்டுத்தான் இதையெல்லாம் இப்போது எழுதுகிறேன் என்றில்லை. கையே இன்னும் மறக்கவில்லை.

காலையில் தண்ணியைக் காய்ச்சி, ஆவியை இறக்கி வடிதண்ணி எடுக்க வேண்டும். அன்று வடித்ததை அன்றே பாவிக்க வேண்டும். குளுக்கோஸ் தூளையும் உப்பையும் ஐயா தன் கையால் நிறுத்துக் கரைப்பார். நான் போத்தல்களைக் கழுவி, வடிதண்ணியில் அலசி, நிரப்பி, றப்பர் மூடி போட்டு, மேலே கடதாசி சுற்றி நூலால் கட்டுவேன். பிறகு ஓட்டோகிளேவில் அடுக்குவேன். அது இடுப்பளவு உயரமான செம்புப் பானை. திருகு மூடி, மேலே ஆவியின் அழுத்தம் காட்டுகிற ஒரு மீட்டர். கீழே விறகு அடுப்பு. உள்ளே ஆவி இறுகும்போது மீட்டரின் முள் ஏறும்.

மீட்டரின் கண்ணாடியில் ஐயா சிவப்புப் பெயின்டால் இரண்டு கோடு போட்டிருந்தார். ஒன்று பத்தில். ஒன்று பதினைந்தில். காயம் கட்டுகிற துணியையும் அதில்தான் அவிப்போம்.

"துணிக்குப் பதினைஞ்சு, குளுக்கோசுக்குப் பத்து. பத்தில அரை மணித்தியாலம். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்" என்று சொல்லித் தந்தார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கிற ஆளும் இல்லை.

அரை மணி முடிந்ததும் விறகை இழுத்துவிட்டுச் சூடு தானாக இறங்கும்வரை இருக்க வேண்டும். அவசரப்பட்டு ஆவியைத் திறந்தால் போத்தல் வெடிக்கும். அதன் பிறகு ஒவ்வொரு போத்தலாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தலைகீழாகக் கவிழ்த்து, தூசு மிதக்கிறதா என்று பார்ப்பேன். பனி விலகிய காலை என்றால் போத்தலுக்குள் எதிர்மலையே தலைகீழாகத் தெரியும். வேலையில் எனக்குப் பிடித்த நேரம் அதுதான். அந்த ஜன்னலை நான் இன்னும் கனவில் பார்க்கிறேன்.

அடுப்புக்கு விறகு போட்டது சுப்பையா என்பவர். முப்பது வயது. முன்பு தேயிலைத் தொழிற்சாலையில், தூளைச் சூட்டில் காயவைக்கிற டிரையர் மெஷின் பக்கம் நின்றவர். தூள் தூசியால் மூச்சு இழுப்பு வந்து, ஆஸ்பத்திரி வேலைக்கு மாற்றியிருந்தார்கள். கீழ் லயத்து வரிசை வீட்டில் தாயாரும் அவரும் மட்டும்தான். சூட்டைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. எந்த விறகு நின்று எரியும், எது பொசுக்கென்று எரிந்து போகும் என்று வெட்டு வாயைப் பார்த்தே சொல்லுவார். முள்ளைப் பத்தாம் கோட்டில் நிறுத்தினால் அது ஆணி அடித்த மாதிரி நிற்கும்.

நான் பேசாததற்கும் சேர்த்து அவர் பேசுவார். நான் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிற நேரம் பார்த்து,

"என்னா டீமேக்கரம்மா, சாயம் எப்புடி? கொழும்புக்கு அனுப்பலாமா?" என்பார்.

தொழிற்சாலையில் டீமேக்கர்தான் ஒவ்வொரு நாள் தூளையும் கிண்ணத்தில் ஊற்றி, நிறம் பார்த்து, உறிஞ்சித் துப்பித் தரம் சொல்லுவார். அதனால் அந்தப் பேர். எனக்குச் சிரிப்பு வரும். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுத்த போத்தலை எடுப்பேன்.

தோட்டத்தில் மூத்த ஆம்பிளையை அண்ணே என்று கூப்பிடுவதுதான் வழக்கம். வார்டில் வேலை செய்த பேச்சியம்மா தன்னைவிட வயதில் குறைந்த அவரையே அண்ணே என்பாள். எனக்கு மட்டும் அந்தச் சொல் வரவில்லை. வேறு எதைச் சொல்லியும் கூப்பிட வழியும் இல்லை. பேரைச் சொல்லக்கூடாது. முறை வைத்துக் கூப்பிடச் சொந்தமும் இல்லை. அதனால் "இந்தாங்க" என்பேன். இல்லாவிட்டால் கரண்டியால் தகரத்தில் தட்டுவேன். ஒருநாள் அவரே கேட்டார்.

"எல்லாரும் அண்ணேங்குறாங்க. நீ மட்டும் தகரத்துல தட்டுற. நான் என்னா, காக்காயா?"

நான் போத்தல் கழுவப் போய்விட்டேன்.

3. சத்துப் போத்தல்

ஒருமுறை சூடு இறங்க அதிக நேரம் எடுத்து, போத்தல்கள் லேசான மஞ்சள் ஓடி வந்தன. எலுமிச்சந்தோலில் கால்வாசி நிறம்கூட இருக்காது. ஐயா வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இந்தளவு பரவாயில்லை, பாவிக்கலாம்" என்றார்.

அந்தப் போத்தல் ஏற்றிய கிழவி ஒருத்தி மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து, சுருட்டுக் கேட்டாள். அவ்வளவுதான். பேச்சியம்மா வார்டு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

"வெள்ளப் போத்தலு சும்மா தண்ணிடி. சாயம் ஏறுன போத்தல்லதான் சத்து. பாக்கலையா, கெழவி சுருட்டுக் கேக்குறா!"

நாங்கள் சாயத்தை நம்பிப் பிழைக்கிற சனம். பாலில்லாத தேத்தண்ணிக்கு எங்கள் லயத்தில் சாயம் என்றுதான் பேர். நிறம் நன்றாக இறங்கியிருந்தால் நல்ல தூள். வெளிறியிருந்தால் அது குப்பைத் தூள், அல்லது தண்ணி கொதிக்கவில்லை. இதைச் சின்னப் பிள்ளையும் சொல்லும். ஆகையால் போத்தல் விஷயத்திலும் எல்லோரும் அப்படியே நினைத்தார்கள். வார்டில் சண்டையே வந்தது.

"அவளுக்கு மட்டும் சாயம் போட்டிங்க. எனக்கு வெறுந்தண்ணி. நான் என்னா தோட்டத்துப் பதிவில்லாத ஆளா?"

"ஐயாகிட்ட கேளு. நான் என்னா, போத்தலுக்குள்ள எறங்கியா பாத்தேன்?" என்பாள் பேச்சியம்மா.

ஐயா இதைக் கேட்டுச் சிரித்ததோடு விட்டுவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால் மனதுக்குள் நானும் நம்பினேன். இதை இவ்வளவு காலம் கழித்து எழுதும்போதும் கை கூசுகிறது.

4. மண் சரிந்த கிழமை

சாயப் பேச்சு எழுந்த அந்த வருஷமே மழை ஐந்து நாள் விடாமல் அடித்தது. தலவாக்கலை றோட்டில் மண் சரிந்து, பெரிய டாக்டரின் கார் வர முடியவில்லை. மலையிலிருந்து லயங்களுக்கு இறங்குகிற பீலித் தண்ணியில் சேறு கலந்து, மூன்று தோட்டத்திலும் வாந்தியும் வயிற்றோட்டமும் பரவியது. இருந்த போத்தல்கள் மளமளவென்று தீர்ந்தன. விறகு ஈரம். சுப்பையா நாலு நாளாக அடுப்படியிலேயே நின்று, ஊதி ஊதி எரித்தார்.

ஐந்தாம் நாள் காலையில் அவர் வேலைக்கு வரவில்லை. கொஞ்ச நேரத்தில் நாலு பேர் அவரைக் கம்பளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பின்னால் அவர் தாயார் மழைக்குப் போடுகிற சாக்குக் கொங்காணியை இழுத்துப் போர்த்தியபடி அழுதுகொண்டு வந்தாள். சுப்பையாவின் கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. கை விரல்கள் நனைந்த துணி மாதிரிச் சுருங்கியிருந்தன. அந்தக் குரலைக் காணோம். வாயில் ஒரு கரண்டி தண்ணி வைத்தாலும் வெளியே வந்துவிட்டது.

அலுமாரியில் இரண்டே போத்தல் இருந்தது. ஐயா ஒன்றை உடனே ஏற்றினார். என்னிடம் ஆறு போத்தலுக்குக் கரைத்துத் தந்துவிட்டு, "நீர்தான் நெருப்பும் பார்க்கோணும். கவனம்" என்று சொல்லி வார்டுக்கு ஓடினார்.

கொட்டகையில் நான் மட்டும். அடுப்பு முன்னால் அவர் உட்காருகிற மரக்குற்றி சும்மா கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது. முள் பத்துக்கு வந்ததும், அதை அங்கே நிறுத்த ஒரு விறகை வெளியே இழுக்கக் குனிந்தேன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. துணிக்குப் பதினைந்து வைக்கிறோம். மனுஷன் உடம்புக்குப் போகிறதற்கு ஏன் பத்து? தண்ணி நன்றாகக் கொதித்தால்தானே சாயம் இறங்கும்? கிழவியே எழுந்து உட்கார்ந்தாள். இவருக்கு அதைவிடச் சத்தாகக் கொடுத்தால் என்ன?

விறகை இழுக்கவில்லை. இன்னும் இரண்டு கட்டை வைத்தேன். முள் பதினைந்துக்குப் போனது. அங்கேயே ஒரு மணி நேரம் நிறுத்தினேன்.

சூடு இறங்கி மூடியைத் திறந்தபோது ஆறு போத்தலும் இரண்டாம் தண்ணி ஊற்றிய சாயத்தின் நிறத்தில் இருந்தன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் நன்றாக இருந்திருந்தால் இதைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு, ஆறையும் கூடையில் வைத்து வார்டுக்குத் தூக்கிப் போனேன்.

"அடி ஆத்தே, என்னா சாயம்!" என்று பேச்சியம்மா கையைத் தட்டினாள். "சுப்பையாண்ணே, ஒனக்கு அடிச்சது யோகம். நாளைக்கே நீ எந்திரிச்சு அடுப்படிக்கு வந்துருவ!"

ஐயா ஒரு போத்தலை எடுத்து ஜன்னலில் பிடித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் நான் கூடையைக் கீழே வைத்தேன்.

"மருதாயி, முள்ளு பத்திலதானே நிண்டது?"

நான் தலையை ஆட்டினேன்.

"அரை மணித்தியாலம்தானே?"

அதற்கும் ஆட்டினேன். பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள் என்றால் எனக்குத் தலை தானாக ஆடிவிடும்.

"பத்தில அரை மணித்தியாலம் நிண்டால் இந்த நிறம் வராது" என்றார். "அப்ப மீட்டர் பழுது. முள்ளு ஒண்டு காட்டுது, உள்ளுக்குச் சூடு வேறையா இருக்கு. இனி இதில ஒண்டும் அவிக்க ஏலாது. மீட்டரைத் தலவாக்கலைக்குக் கொண்டுபோய்த்தான் திருத்தோணும்."

சுப்பையாவின் தாயார் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, "அப்ப எம் மகனுக்கு, ஐயா?" என்றாள்.

"கையில ஒரு போத்தல்தான் இருக்கு ஆச்சி. அது முடிஞ்சால் றோட் திறக்கு மட்டும் வாயாலதான் குடுத்துப் பார்க்கோணும்."

வாயால் எதுவும் நிற்கவில்லை என்று அந்த வார்டில் எல்லோருக்கும் தெரியும். ஏற்றியிருந்த போத்தல் முடிந்துகொண்டிருந்தது. பேச்சியம்மா கடைசிப் போத்தலை எடுக்கப் போனாள்.

கட்டிலில் இருந்து ஒரு சத்தம் வந்தது. குரல் என்று சொல்ல முடியாது. "மீட்டரு... நல்லாத்தான்யா இருக்கு. நேத்துக்கூட... நான் பாத்தேன்."

"நீர் கதையாதையும்" என்றார் ஐயா.

அந்த நிலையிலும் மனுஷன் மீட்டருக்காகப் பேசினார். நான் வாய் திறக்காவிட்டால், அவர் சொன்னதை யாரும் நம்ப மாட்டார்கள்.

"மீட்டரு நல்லாருக்குங்க" என்றேன். என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. "நான்தாங்க பதினஞ்சுல வச்சேன். ஒரு மணி நேரம் வச்சேன். வேணும்னுதாங்க வச்சேன்."

"ஏன்?"

"சாயம் எறங்கட்டும்னுங்க."

யாரும் சிரிக்கவில்லை. பேச்சியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஐயா என்னை அடிக்காத குறையாகத் திட்டப்போகிறார், கங்காணியைக் கூப்பிட்டுப் பேரை வெட்டிவிடச் சொல்லப்போகிறார் என்று நின்றேன். அவர் ஒரு போத்தலின் மூடியைக் கழற்றிக் கிண்ணத்தில் ஊற்றி, புளிப்புப் பார்க்கிற நீலக் கடதாசித் துண்டை அதில் தோய்த்தார். அது வெற்றிலை போட்ட வாய் மாதிரிச் சிவந்தது. தீர்ந்த வெள்ளைப் போத்தலின் அடியில் மிச்சமிருந்த தண்ணியில் இன்னொரு துண்டைத் தோய்த்தார். அது கொஞ்சம் மங்கியதோடு சரி.

"இஞ்ச வந்து பாரும். சீனியைச் சட்டியில போட்டுக் காய்ச்சினால் என்ன நடக்கும்?"

"பாகாகுங்க. அப்புறம் கருகுங்க."

"குளுக்கோசும் அப்பிடித்தான். சூடு மிஞ்சினால் உடையும். உடைஞ்சு வேறை சாமானா மாறும். புளிப்பு ஏறும். அந்த உடைஞ்ச குளுக்கோசின்ரை நிறம்தான் இது. இதை ஏத்தினால் நரம்பு எரிஞ்சு வீங்கும். தேயிலைக்குள்ள சாயம் இருக்கு, இறங்குது. இந்தத் தண்ணிக்குள்ள இறங்கிறதுக்கு என்ன இருக்கு பிள்ளை? சத்துக் கூடேல்லை. இருந்த சத்துத்தான் உடைஞ்சு போச்சு."

உடைந்து மாறுகிற அந்தச் சாமானுக்கு நீளமான ஒரு இங்கிலீஷ் பேரும் சொன்னார். அது எனக்குப் பிடிபடவில்லை. உடைந்து போச்சு என்ற சொல் மட்டும் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிழை என்ரையும்தான். ஏன் பத்து எண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லை. டின்னில இன்னும் நாலு போத்தலுக்குத் தூள் இருக்கு. வடிதண்ணி மிச்சம் இருக்கே?"

"இருக்குங்க."

"அப்ப ஓடும்."

ஓடினேன். கடைசிப் போத்தல் சுப்பையாவின் கையில் ஏறத் தொடங்கியிருந்தது. சொட்டுக்களைக் குறைத்துவிடச் சொல்லி ஐயா பேச்சியம்மாவிடம் சொன்னது பின்னால் கேட்டது. அது முடிவதற்குள் நான் நிரப்பி, அவித்து, ஆறவைத்துக் கொண்டுவர வேண்டும். நெருப்பைக் கூட்டி அவசரப்படுத்தவும் முடியாது. அவசரத்தில் ஆவியைத் திறக்கவும் முடியாது. அவர் அடுக்கி வைத்திருந்த காய்ந்த கட்டைகள் மூலையில் கொஞ்சம் இருந்தன. கடைசி நேரத்துக்கென்று ஒளித்து வைத்திருந்தார் போல. அவர் செய்கிற மாதிரியே இரண்டை உள்ளே தள்ளி, ஒன்றைப் பாதி வெளியே இழுத்து, முள்ளைப் பத்தில் நிறுத்தினேன். பதினொன்றுக்கு நகரப் பார்த்தால் சாம்பலை அள்ளிப் போட்டேன். அரை மணி நேரம் அந்த மரக்குற்றியில் உட்கார்ந்து முள்ளையே பார்த்தேன். அவருடைய இடத்தில் நான் உட்கார்ந்தது அந்த ஒரு நாள்தான்.

சூடு இறங்குவதுதான் பெரிய பாடு. பேச்சியம்மா மழையில் நனைந்துகொண்டு கொட்டகைக்கும் வார்டுக்குமாக நடந்தாள்.

"அரப் போத்தலு இருக்குடி."

பிறகு, "நாலு விரக்கடை."

மூடியைத் திறந்தேன். போத்தலை ஜன்னலில் பிடித்தேன். மழை வெளிச்சத்திலும், பின்னால் வைத்த என் கையின் ரேகை தெரிந்தது. பேச்சியம்மா கூடையை வாங்கிக்கொண்டு ஓடினாள். வார்டில் இரண்டு விரக்கடை தண்ணி மிச்சம் இருந்தது.

5. மரக்குற்றியில் ஒரு பேச்சு

மூன்று நாளில் றோட் திறந்தது. ஐந்தாம் நாள் சுப்பையா எழுந்து நடந்தார். பத்து நாள் கழித்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு கொட்டகைக்கு வந்து மரக்குற்றியில் உட்கார்ந்தார். நான் போத்தல் கழுவிக்கொண்டிருந்தேன்.

"எல்லாம் கேட்டுச்சு எனக்கு" என்றார். "கண்ணுதான் தெறக்க முடியல, காது நல்லாத்தான் இருந்துச்சு. டிரையர்ல பன்னெண்டு வருசம் நின்னவன் நான். கூடச் சூடு காட்டுனா தூளு கருகும்னு எனக்குத் தெரியும். என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"எப்புடிக் கேக்குறது? கண்ணே தெறக்க முடியாம கெடந்தீங்க."

"ஆறு போத்தலயும் எனக்காகவா கருக வச்ச?"

நான் போத்தலுக்குள் பிரஷ்ஷை விட்டுச் சுற்றினேன். சுத்தமான போத்தலை எத்தனை தரம் கழுவினேன் என்று தெரியாது. அவர் சிரித்துக்கொண்டு, "சரி டீமேக்கரம்மா, வேலையப் பாரு" என்று எழுந்து போனார்.

மழை விட்ட பிறகு, கருகிய போத்தல்களில் ஐயா ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைச் சாக்கடையில் ஊற்றச் சொன்னார். அன்று பின்னேரம் சாக்கடை முழுக்க எறும்பு. வைத்துக்கொண்ட போத்தலை மருந்து அறை அலுமாரியில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நிறுத்தினார். புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் அதைக் காட்டித்தான் ஏன் பத்து என்று தொடங்குவார். சுப்பையா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "என் போத்தல யாரும் தொட்றாதீங்க. எனக்குன்னு காய்ச்சுனது" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள்.

அன்றிலிருந்து ஐயா இன்னொரு வழக்கமும் கொண்டுவந்தார். ஒவ்வொரு போத்தலிலும் ஒரு துண்டுக் கடதாசி ஒட்ட வேண்டும். முள் பத்துக்கு வந்த நேரம், விறகு இழுத்த நேரம், அவித்தவர் பேர். "பேர் இல்லாத போத்தல் வார்டுக்குப் போகக்கூடாது" என்றார். ஆயிரக்கணக்கில் என் பேரை எழுதியிருப்பேன். கூப்பிட்டால் கையைத் தூக்கிய நான், கடைசியில் நிறம் ஒரு பொட்டு மாறினாலும் நேரே போய் ஐயாவிடம், "இது சரியில்லங்க, ஏத்தாதீங்க" என்று சொல்லுகிற ஆளாகிவிட்டேன்.

6. பதில்

அதற்கு நாலைந்து வருஷம் கழித்து சுப்பையாவும் அவர் தாயாரும் இந்தியாவுக்குப் போனார்கள். தோட்டத்துச் சனத்தை இரண்டு நாட்டு அரசாங்கமும் பிரித்துக்கொண்ட காலம் அது. அவர்களுக்கு இருந்தது இந்தியப் பாஸ்போட். இங்கே தங்குவதற்கான விசாவை இனிப் புதுப்பிக்க முடியாது என்று கடிதம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் அப்பா இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தார். ஒரே தோட்டத்தில், ஒரே மழையில் நனைந்தவர்கள்தான். கடதாசி வேறு.

தலவாக்கலை ஸ்டேஷனுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் மூன்று பேர் போனோம். ஐயா அவர் தாயாருக்கு வயிற்றுவலி மருந்து கட்டிக் கொடுத்தார். பேச்சியம்மா, "போயி கடுதாசி போடுங்கண்ணே" என்று அழுதாள். நான் தூணோரமாக நின்றேன். ரயில் நகருகிற நேரம் அவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, ரயிலின் தகரத்தில் விரலால் மூன்று தரம் தட்டினார். என்னைப் பார்த்துத்தான் தட்டினார். நான் தட்டித் தட்டிக் கூப்பிட்ட மாதிரியே.

ஆறு மாதம் கழித்து ஆஸ்பத்திரி விலாசத்துக்கு எனக்கு ஒரு கடிதம் வந்தது. நீலகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறது, மறுபடியும் டிரையர்தான், அம்மாவுக்கு இந்தக் குளிர் பழகியது என்று எழுதியிருந்தார். கடைசி வரி இது: "அலுமாரியில் என் போத்தல் இருக்கிறதா?"

பதில் எழுத உட்கார்ந்தேன். அன்புள்ள என்று எழுதினேன். அதற்குப் பக்கத்தில் ஒரு சொல் வேண்டும். அண்ணே என்று எழுதக் கை வரவில்லை. பேரை எழுதவும் துணியவில்லை. கடிதத்தில் தகரத்தைத் தட்ட முடியாது. நாளைக்கு எழுதலாம் என்று மடித்து வைத்தேன். மறுநாளும் அப்படித்தான். பிறகு பிந்திவிட்டது, இனி என்ன நினைப்பாரோ என்ற கூச்சம் வந்தது. இன்னொரு கடிதம் அவரிடமிருந்து வரவில்லை. நான் கலியாணம் கட்டவில்லை. அதற்கு இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். கேட்டு வந்த இடங்களும் குறைவு.

ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்காக எதையாவது எழுதச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஒரு வேலையை இப்படிச் செய் என்று சொன்னால், ஏன் என்று கேட்டுவிடுங்கள். நல்லது செய்கிறோம் என்று நினைத்துச் சொன்ன அளவைத் தாண்டாதீர்கள். பிழை நடந்துவிட்டால் தலையை ஆட்டாதீர்கள், வாயைத் திறந்து சொல்லுங்கள். அன்றைக்கே சொல்லுங்கள். பிந்தினால் சொல்ல முடியாமல் போகும்.

அந்த ஒற்றைச் சொல் எழுதிய கடதாசி என் பெட்டியில் இருக்கிறது. அவர் கேட்டதற்குப் பதில் எனக்கு அன்றைக்கே தெரியும். கடிதம் கிடைத்த அன்று அலுமாரியைத் திறந்து, போத்தலை எடுத்து ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். இருக்கிறது. முன்பைவிட நிறம் கூடியிருக்கிறது. இதைத்தான் எழுத வேண்டியிருந்தது.